ரே டிரேசிங்: கதிர்த் தடமா, கதிர்வழியா?

ஒளிக்கதிர் லென்ஸ்கள் வழியே எப்படிப் போகும் என்று கணக்கிடுவதுதான் 'ரே டிரேசிங்'. அதைத் தமிழில் எப்படிச் சொல்வது? 'ரே' என்பதன் மூலம் லத்தீனின் 'ரேடியஸ்'. சக்கரத்தின் ஆரக்கால் என்று பொருள். வட்டத்தின் ஆரத்துக்கும் அதே சொல்தான், தமிழில் ஆரக்காலும் ஆரமும் போல. 'டிரேஸ்' இழுத்தலைக் குறிக்கும் 'டிராஹெரெ'யிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. நாமும் கோடு 'இழுக்கிறோம்' அல்லவா, அதே இழுவைதான்.

கணினி வரைகலைக்காரர்கள் சொல்லும் 'கதிர்த் தடமறிதல்' லென்ஸ் வடிவமைப்புக்கு ஒட்டவில்லை. தடம் என்பது போனவர் விட்டுச்சென்றது. இங்கே கதிர் இனிமேல்தான் போக வேண்டும். ஒவ்வொரு பரப்பிலும் எங்கே படும், அந்த இடத்தில் பரப்புக்குச் செங்குத்து எந்தத் திசை, ஒளி விலகலுக்கான ஸ்நெல் விதிப்படி எவ்வளவு திரும்பும் என்று முன்கூட்டிக் கணக்கிடுகிறோம். ஆகவே 'கதிர்வழிக் கணிப்பு'. மடக்கை அட்டவணையை வைத்துக் கையால் போட்ட காலத்திலும் கணக்கு இதுதான்.

ஒரு கதிரின் விடைக்காக இன்னொன்று காத்திருக்க வேண்டியதில்லை. வரைகலைச் செயலிக்கு, அதாவது ஜிபியுவுக்கு, இது வாகான வேலை. என்விடியா செயலிகளில் 32 இழைகள் (இணையாக ஓடும் கணக்குகள்) ஒரே கட்டளையைச் சேர்ந்து செய்யும். கோளப் பரப்பென்றால் ஓர் இருபடிச் சமன்பாட்டோடு எல்லாம் ஒன்றாக முடியும். கோளமல்லாத பரப்பில் விடையைப் படிப்படியாக நெருங்கும் நியூட்டன் முறையைத் திரும்பத் திரும்பப் போட வேண்டும். விளிம்புக் கதிர் ஒன்றுக்கு 8 சுற்று தேவைப்பட்டால், 3 சுற்றில் முடித்த மற்ற 31-ம் சும்மா நிற்கும். அருகருகே உள்ள கதிர்களை ஒரே குழுவில் போட்டால் இந்த வீண் குறையும்.

பலர் சறுக்குவது துல்லியத்தில். ஒற்றைத் துல்லியத்தில், அதாவது எண்ணை 32 பிட்டில் வைக்கும்போது, 100 மி.மீ. என்ற எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் இடைவெளி சுமார் 7.6 நானோமீட்டர். கதிர்கள் பிம்பத் தளத்தில் எங்கெங்கே விழுகின்றன என்று காட்டும் புள்ளிப் படத்துக்கு இது தாராளம். ஆனால் 550 நானோமீட்டர் ஒளியில் அலைமுகப் பிழையை, அதாவது ஒளி அலையின் முகப்பு சரியான வடிவத்திலிருந்து விலகும் அளவை, நூறில் ஒரு அலைநீளத்துக்கு, அதாவது 5.5 நானோமீட்டருக்கு, அளக்க முடியாது. 64 பிட் கொண்ட இரட்டைத் துல்லியமோ, கணினி விளையாட்டுக்கான வரைகலை அட்டைகள் பலவற்றில், ஒற்றையின் வேகத்தில் 32-ல் அல்லது 64-ல் ஒரு பங்கு வேகத்தில்தான் ஓடும். நல்ல வடிவமைப்புக்கான தேடலை ஒற்றையில் ஓட்டி, கடைசி அலைமுகக் கணக்கை மட்டும் இரட்டையில் போடுவது நடைமுறைக்கு ஒத்துவரும். பொருள் முடிவிலியில் இருந்தால் கதிரை ஏதோ ஒரு பெரிய தொலைவிலிருந்து கிளப்பக் கூடாது. இலக்கங்கள் அதிலேயே கரைந்துவிடும். முதல் பரப்புக்குச் சற்று முன்னாலிருந்து தொடங்குங்கள்.

அட்டையிலேயே 'ரே டிரேசிங்' வன்பொருள் இருக்கிறதே என்று மயங்கவும் வேண்டாம். அது முக்கியமாக முக்கோணங்களுக்கானது. லென்ஸ் பரப்பை முக்கோணங்களாக நறுக்கினால் செங்குத்தின் திசை விட்டுவிட்டுத் தாவும், பிம்பம் கெடும். லென்ஸ் குழாயின் உட்சுவரில் பட்டுச் சிதறும் வேண்டாத ஒளியைத் தேட அது போதும்.