சைலண்ட் புக்: மௌனப் புத்தகமா, சொல்லில்லாப் படநூலா?

சிறுவர் நூலகங்களைப் பற்றித் தமிழில் எழுதுகிறவர் இடறி விழக்கூடிய சொற்களில் ஒன்று ‘சைலண்ட் புக்’. பார்த்தவுடன் ‘மௌனப் புத்தகம்’ என்று எழுதக் கை துறுதுறுக்கும். எழுதிவிட வேண்டாம் என்பது என் கட்சி.

முதலில் பொருளைப் பார்த்துவிடுவோம். முழுக்கப் படங்களாலேயே நடக்கும் புத்தகம் இது. அட்டையில் தலைப்பும் உள்ளே பதிப்பு விவரமும் இருக்கும். கதைக்குள் நுழைந்துவிட்டால் ஒரு வரிகூட இராது. சின்னஞ்சிறு பிள்ளைகளுக்கு மட்டும் உரியது என்றும் சொல்ல முடியாது. ஆஸ்திரேலிய ஓவியர் ஷான் டான் 2006இல் வெளியிட்ட ‘தி அரைவல்’ இந்த வகைதான். பிழைப்புத் தேடி வேற்றூர் போகிறவனின் கதை. அந்த ஊர்ப் பலகைகளில் இருப்பது ஓவியர் தாமே புனைந்த எழுத்து. கதையில் வருகிறவனுக்கும் அது புரிவதில்லை, நமக்கும் புரிவதில்லை.

ஆங்கில நாடுகளின் நூலகர்கள் இதைப் பெரும்பாலும் ‘வேர்ட்லெஸ் பிக்சர் புக்’ என்றே சொல்கிறார்கள். ‘சைலண்ட் புக்’ ஆங்கிலச் சொற்களால் ஆனதுதான். ஆனால் செழித்தது இத்தாலியில். அந்நாட்டின் லம்பேதுசா தீவு, சிசிலியைவிடத் துனிசியாவுக்குப் பக்கத்தில் இருக்கிறது. கடல் கடந்து வந்த அகதிக் குடும்பங்கள் முதலில் கால் வைத்த கரைகளில் அதுவும் ஒன்று. யெல்லா லெப்மன் முன்னின்று 1953இல் சூரிச்சில் தொடங்கிய இளையோர் நூல்களுக்கான பன்னாட்டு அமைப்பான இப்பி, தீவின் பிள்ளைகளுக்கும் வந்திறங்கும் பிள்ளைகளுக்கும் சேர்த்து ஒரு நூலகம் அமைக்க 2012இல் இறங்கியது. எந்த மொழியில் புத்தகம் வாங்குவது? அந்தக் கேள்விக்கு விடையாக, 20க்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து நூற்றுக்கு மேற்பட்ட சொல்லில்லாப் புத்தகங்கள் திரட்டப்பட்டன. திட்டத்தின் பெயரே ‘சைலண்ட் புக்ஸ்’.

இனித் தமிழுக்கு வருவோம். ‘மௌனம்’ என்பது ‘முனி’ என்ற வடசொல்லிலிருந்து பிறந்தது. பேசத் தெரிந்தவர் பேசாமல் நோற்பது. இந்தப் புத்தகத்தைச் சுற்றி அப்படி யாரும் நோற்பதில்லை. இரண்டு பிள்ளைகள் நடுவே ஒன்றை விரித்து வைத்துப் பாருங்கள். பெரியவர் பக்கத்தைப் புரட்டப் போவார். ஒரு விரல் வந்து தடுக்கும். மூலையில் கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு நாய். போன பக்கத்திலும் அது இருந்ததா என்று வழக்கு மூளும். பழைய பக்கத்துக்குத் திரும்பியே ஆக வேண்டும். இதற்குப் பெயர் மௌனமா? போதாக்குறைக்கு, வாய்விட்டுப் படிக்காமல் கண்ணால் படிப்பதை ‘மௌன வாசிப்பு’ என்று ஏற்கெனவே வழங்குகிறோம். இரண்டும் குழம்பும். ஊமைப்படத்தைப் பார்த்து ‘ஊமைப் புத்தகம்’ என்பது இன்னும் மோசம். பேச இயலாதவர்களைச் சுட்டும் சொல்லை நூலக அலமாரியில் ஒட்ட வேண்டியதில்லை.

‘எழுத்தில்லாப் புத்தகம்’ எனலாமா? இன்றைய காதுக்கு அது சரியாகவே ஒலிக்கும். ஆனால் பழந்தமிழில் எழுதுதல் என்றால் தீட்டுதலும்கூட. ‘எழுதுங்கால் கோல்காணாக் கண்ணேபோல்’ என்ற குறளில் (1285) எழுதப்படுவது கண்ணுக்குத் தீட்டும் மை. பரிபாடல் 19ஆம் பாடலில், திருப்பரங்குன்றத்து ஓவியக்கூடத்துக்கு ‘எழுத்துநிலை மண்டபம்’ என்று பெயர். அங்கே வந்தவர்கள் படங்களைச் சுட்டிக் கேட்கிறார்கள். தெரிந்தவர்கள் இவள் அகலிகை, இவன் கௌதமன் என்று சுட்டிச் சொல்கிறார்கள். நாய்க்குட்டி வழக்கும் இதே கூத்துதான். ஆக, படத்தையே எழுத்து என்ற மொழியில் படநூலை எழுத்தில்லாதது என்பது எனக்கு உறுத்துகிறது.

‘சொல்லில்லாப் படநூல்’ என்பதே என் தேர்வு. ‘படக்கதை’ என்றால் பலருக்குக் காமிக்ஸ் நினைவு வரும்; தவிர, இவற்றில் எல்லாமே கதையும் அல்ல. இடையில் வரும் ‘ப்’ முக்கியம்: ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சத்தின் பின் வல்லினம் மிகும்.

நூலகப் பட்டியலில் மட்டும் இந்த வம்பு எதுவும் இல்லை. நூலின் மொழி எது என்று கேட்கும் இடத்தில், தமிழுக்கும் இத்தாலியத்துக்கும் மூன்றெழுத்துக் குறியீடு இருப்பதுபோல் இதற்கும் ஒன்று உண்டு: ‘இசட்-எக்ஸ்-எக்ஸ்’, அதாவது மொழி உள்ளடக்கம் இல்லை.