பச்சைக் குறி எதை உறுதிசெய்கிறது? கன்டெய்னர் கிளஸ்டர்களில் வெளியீட்டு அறிவிப்புகள் இயங்கும் விதம்

இணையக் கடை ஒன்றின் கட்டணப் பிரிவு, குபர்நெட்டிஸ் கிளஸ்டரில் நான்கு பாட்களாக ஓடிக்கொண்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு செயலியை அதற்குத் தேவையானவற்றோடு சேர்த்துக் கட்டிய பொதி கன்டெய்னர்; அவற்றைப் பல கணினிகளின் கூட்டத்தில், அதாவது கிளஸ்டரில், இயக்கி நிர்வகிக்கும் மென்பொருள் குபர்நெட்டிஸ். கன்டெய்னர்களைச் சுமந்து நிற்கும் மிகச் சிறிய அலகுக்கு அங்கே பாட் என்று பெயர். நிரலாளர் ஒருவர் புதிய பதிப்பின் எண்ணை யாமல் எனப்படும் அமைப்புக் கோப்பில் மாற்றும்போது ஓர் இலக்கத்தைத் தவறாகத் தட்டிவிடுகிறார். அந்த எண்ணில் கன்டெய்னர் இமேஜ், அதாவது கன்டெய்னரைத் தொடங்குவதற்கான மூலப் பொதி, எதுவும் கிடையாது. இனி நடப்பது வியப்பானது: வெளியில் எதுவுமே தெரியாது. குபர்நெட்டிஸ் பழைய பாட்களை ஒரேயடியாக நிறுத்துவதில்லை. இயல்பான அமைப்பில் நான்கில் ஒரு பங்கை மட்டுமே குறைத்துக்கொண்டு, நான்கில் ஒரு பங்கைக் கூடுதலாகத் தொடங்கிப் பார்க்கும். ஆகவே மூன்று பழைய பாட்கள் வாடிக்கையாளரைக் கவனித்துக்கொண்டே இருக்க, புதியவை இரண்டும் இல்லாத இமேஜைத் தேடியபடி வாசலிலேயே நின்றுவிடும். கடை திறந்திருக்கிறது, பணம் வருகிறது, ஆனால் புதிய பதிப்பு வெளியாகவில்லை. அதை யாரிடம், யார் சொல்வது என்பதே இந்தக் கட்டுரையின் கேள்வி.

கூகுள் 2014-ல் அறிவித்து, 2015 ஜூலையில் முதல் முழுப் பதிப்பாக வெளியிட்ட குபர்நெட்டிஸின் பெயருக்குக் கிரேக்க மொழியில் கப்பலின் சுக்கானைப் பிடிப்பவர் என்று பொருள். தொடக்கத்தில் பலரும் அதற்கு நேரடியாகக் கட்டளை பிறப்பித்துத்தான் வெளியீடுகளைச் செய்தார்கள். கட்டளை இட்டவர் திரைமுன் அமர்ந்திருந்ததால், பிழை நேர்ந்தால் அது அவர் கண்ணிலேயே பட்டது. 2017-ல் வீவ்வொர்க்ஸ் நிறுவனம் கிட்ஆப்ஸ் என்ற சொல்லை முன்வைத்தது. கிளஸ்டர் எப்படி இருக்கவேண்டும் என்பதைக் கிட் களஞ்சியத்தில், அதாவது கோப்புகளின் ஒவ்வொரு மாற்றத்தையும் பதிந்துவைக்கும் இடத்தில், எழுதிவைத்தால் போதும், கிளஸ்டருக்குள்ளேயே இருக்கும் ஒரு நிரல் அதைப் படித்து நடைமுறைப்படுத்திக்கொள்ளும் என்பது அதன் சாரம். அங்கே பிறந்த ஃப்ளக்ஸ் என்ற கருவி, இத்தகைய திறந்த மூலத் திட்டங்களைப் பேணும் கிளவுட் நேட்டிவ் கம்ப்யூட்டிங் ஃபவுண்டேஷனில் 2022-ல் முதிர்ந்த திட்டம் என்ற தகுதியைப் பெற்றது. அதே ஆண்டில், இதே வேலையைச் செய்யும் இன்னொரு கருவியான ஆர்கோ சிடியும் அந்தத் தகுதியை அடைந்தது. வீவ்வொர்க்ஸ் 2024-ல் மூடப்பட்டபோதும் ஃப்ளக்ஸ் நின்றுவிடவில்லை.

இந்த மாற்றத்தில் ஓர் இழப்பும் இருக்கிறது. நிரலாளரின் வேலை கிட்டில் மாற்றத்தைச் சேர்த்தவுடன் முடிந்துவிடுகிறது. கிளஸ்டர் அதை எடுத்துக்கொள்வது ஒரு நிமிடம் கழித்தோ பத்து நிமிடம் கழித்தோ, அவர் தேநீர் குடிக்கப் போயிருக்கும்போது நடக்கிறது. திரைமுன் காத்திருந்த மனிதர் இப்போது அங்கே இல்லை. அவருடைய கண் செய்துவந்த வேலையை இனி அறிவிப்புதான் செய்தாகவேண்டும். அறிவிப்பை ஓர் அலங்காரமாகக் கருதிக் கடைசியில் சேர்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடும் குழுக்கள் பெரும்பாலும் இதைத்தான் மறந்துவிடுகின்றன.

ஃப்ளக்ஸை எடுத்துக்காட்டாகக் கொண்டு உள்ளே நடப்பதைப் பார்க்கலாம். அது ஒரே நிரல் அன்று. கன்ட்ரோலர்கள் எனப்படும் பல சிறு நிரல்களின் கூட்டம். ஒன்று களஞ்சியத்திலிருந்து கோப்புகளை எடுத்து வருகிறது, ஒன்று யாமல் கோப்புகளைக் கிளஸ்டரில் இடுகிறது, ஒன்று ஹெல்ம் என்ற கருவிக்காகக் கட்டிய செயலித் தொகுப்புகளை நிறுவுகிறது. இவை ஒவ்வொன்றும் தன் வேலையில் குறிப்பிடத்தக்க ஏதாவது நடந்தால், எந்தப் பொருளுக்கு நடந்தது, தகவலா பிழையா, எப்போது, எந்தக் கிட் பதிப்பில் என்ற விவரங்களைக் கொண்ட ஒரு நிகழ்வுக் குறிப்பை அறிவிப்பு கன்ட்ரோலருக்கு அனுப்பிவைக்கிறது. குபர்நெட்டிஸுக்கும் தனக்கென நிகழ்வுப் பதிவுகள் உண்டு. ஆனால் இயல்பான அமைப்பில் அவை ஒரு மணி நேரத்தில் அழிந்துவிடும். இரவில் உடைந்ததைக் காலையில் வந்து அங்கே தேடினால் பெரும்பாலும் வெறுங்கைதான் மிஞ்சும்.

அறிவிப்பு கன்ட்ரோலரிடம் நாம் இரண்டு பொருள்களை வரையறுக்கிறோம். முதலாவது ப்ரொவைடர்: செய்தி எங்கே போகவேண்டும் என்பது. ஸ்லாக், டெலிகிராம், மைக்ரோசாஃப்ட் டீம்ஸ், டிஸ்கார்ட், பேஜர்டியூட்டி என்று பல வகைகள் இதில் உண்டு. இரண்டாவது அலர்ட்: எந்த நிகழ்வு போகவேண்டும் என்பது. எந்த வகைப் பொருள்களைக் கவனிப்பது, எந்தப் பெயர்களை, எந்த நேம்ஸ்பேஸில் (கிளஸ்டரின் உட்பிரிவு), தகவலும் வேண்டுமா பிழை மட்டும் போதுமா, எந்தச் சொற்கோவை வந்தால் தவிர்த்துவிடுவது ஆகியவை இதில் அடங்கும். பெயர் இருக்கவேண்டிய இடத்தில் நட்சத்திரக் குறியிட்டால் அந்த வகையில் உள்ள எல்லாமே என்று பொருளாகும். அலர்ட்டும் அது சுட்டும் ப்ரொவைடரும் ஒரே நேம்ஸ்பேஸில் இருக்கவேண்டும் என்பதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. முதல்முறை அமைப்பவர்கள் பலர் இங்கே தடுக்கி விழுகிறார்கள்.

ப்ரொவைடரை எழுதும்போது ஒரு சிக்கல் முளைக்கிறது. வெளியிலிருந்து செய்தி அனுப்புவதற்காக ஸ்லாக் போன்றவை தரும் வெப்ஹூக் முகவரி வெறும் முகவரி அன்று, அதுவே சாவியும்கூட. அந்த நீண்ட இணைப்பு கிடைத்த எவரும் உங்கள் குழுவின் அரட்டைச் சேனலில் செய்தி இடலாம். எல்லாவற்றையும் கிட்டில் எழுதவேண்டும் என்பது கிட்ஆப்ஸின் முதல் விதி, இதை அப்படியே கிட்டில் எழுதக்கூடாது என்பது பாதுகாப்பின் முதல் விதி. எனவே முகவரியைச் சீக்ரெட் என்ற தனிப் பொருளில் வைத்து, ப்ரொவைடர் அதன் பெயரை மட்டும் சுட்டுமாறு செய்கிறார்கள். ஆனால் சீக்ரெட் என்ற பெயரைப் பார்த்து ஏமாந்துவிடக்கூடாது: யாமல் கோப்பில் அது பேஸ்64 முறையில் எழுதப்படுகிறதே ஒழிய மறையாக்கம் செய்யப்படுவதில்லை, யார் வேண்டுமானாலும் ஒரு நொடியில் திருப்பிப் படித்துவிடலாம். சாப்ஸ் போன்ற கருவியால் மறையாக்கம் செய்த பிறகே அதைக் களஞ்சியத்தில் இடவேண்டும். கிளஸ்டருக்குள் ஃப்ளக்ஸ் அதைத் திறந்துகொள்ளும்.

இவ்வளவும் அமைத்தபின் சேனலில் ஒரு பச்சைக் குறி வந்து விழுகிறது. என் பார்வையில், கவனம் அதிகம் தேவைப்படும் இடம் இதுதான். அந்தப் பச்சைக் குறி எதை உறுதிசெய்கிறது?

யாமல் கோப்புகளை இடும் கஸ்டமைஸ் கன்ட்ரோலரின் இயல்பான நடத்தையில், அது உறுதிசெய்வது மிகச் சிறிய ஒன்றை மட்டுமே: எழுதியதைக் குபர்நெட்டிஸில் கோரிக்கைகளை வாங்கும் ஏபிஐ சர்வர் ஏற்றுக்கொண்டது. அதாவது விண்ணப்பம் பெறப்பட்டது என்ற ரசீது. விண்ணப்பம் நிறைவேறியது என்ற கடிதம் அன்று. தொடக்கத்தில் சொன்ன கடையில், இல்லாத இமேஜின் எண்ணை ஏபிஐ சர்வர் எந்தத் தயக்கமும் இல்லாமல் ஏற்றுக்கொள்ளும், ஏனெனில் இமேஜ் உண்மையில் இருக்கிறதா என்று பார்ப்பது அதன் வேலையே இல்லை. ஆகவே இரண்டு பாட்கள் வாசலில் தவித்துக்கொண்டிருக்க, சேனலில் வெற்றிச் செய்தி வந்திருக்கும். அறிவிப்பு பொய் சொல்லவில்லை. அதை அனுப்பியவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

இதைச் சரிசெய்ய, காத்திரு என்று கன்ட்ரோலருக்கு வெளிப்படையாகச் சொல்லவேண்டும். அதற்கென உள்ள வெயிட் என்ற ஒரு வரியைச் சேர்த்தால், தான் இட்ட ஒவ்வொரு பொருளும் ஆயத்த நிலைக்கு வந்துவிட்டதா என்று அது பார்த்துக்கொண்டிருக்கும். குறித்த காலக்கெடுவுக்குள் வராவிட்டால் பிழை நிகழ்வை அனுப்பும். காலக்கெடுவை எவ்வளவு வைப்பது என்பது செயலியைப் பொறுத்தது. வெளியீடு முன்னேறாமல் நின்றுவிட்டது என்று குபர்நெட்டிஸ் தானாகவே முடிவுகட்டுவதற்கு எடுத்துக்கொள்ளும் இயல்பான அளவு 600 விநாடிகள், அதாவது பத்து நிமிடம். இரண்டு நிமிடத்தில் எழுந்துவிடும் செயலிக்கு அது மிக நீளம், பெரிய தரவுத்தளத்தை நினைவகத்தில் ஏற்றித் தொடங்கும் செயலிக்குப் போதாமலும் போகலாம். ஹெல்ம் கன்ட்ரோலர் இதற்கு நேர்மாறானது: யாரும் சொல்லாமலேயே ஐந்து நிமிடம்வரை காத்திருந்துதான் முடிவைச் சொல்கிறது. ஆக ஒரே கிளஸ்டரில், ஒரே சேனலில் அடுத்தடுத்து வரும் இரண்டு பச்சைக் குறிகளுக்கு இருவேறு பொருள்கள் இருக்கக்கூடும். படிப்பவருக்கு இந்த வேறுபாடு தெரிய வழியே இல்லை. அமைப்பவர்தான் இரண்டையும் ஒரே பொருளுக்குக் கொண்டுவரவேண்டும்.

அடுத்தது இரைச்சல். யாமலில் ஓர் இலக்கணப் பிழை இருந்தால் கன்ட்ரோலர் விட்டுவிடாது, அடுத்த சுற்றிலும் முயலும், அதற்கடுத்த சுற்றிலும் முயலும். ஒரே செய்தி ஐந்து நிமிடத்துக்குள் மறுபடி வந்தால் அறிவிப்பு கன்ட்ரோலர் இயல்பாகவே அதை விழுங்கிவிடுகிறது. ஆனால் சுற்று பத்து நிமிடம் என்றால் அந்த வடிகட்டி உதவாது. இரவு பத்து மணிக்கு நேர்ந்த பிழை காலை ஆறு மணிக்குள் ஏறத்தாழ 48 முறை ஒரே வாசகத்தை அனுப்பியிருக்கும். நான்காவது செய்தியிலேயே யாராவது சேனலை ஊமையாக்கிவிடுவார்கள். அதன்பின் வரும் உண்மையான ஆபத்தும் அந்த ஊமைச் சேனலுக்குள்தான் வந்து விழும். இதற்குப் பயந்து பலர் எடுக்கும் முடிவு, பிழைகளை மட்டும் அனுப்பு என்று தீவிர அளவை உயர்த்திவிடுவது. நியாயமாகத்தான் தோன்றுகிறது. ஆனால் அதில் ஒரு பொறி உண்டு: பிழை சரியானது என்ற நிகழ்வு தகவல் வகையைச் சேர்ந்தது. பிழை மட்டும் போதும் என்ற சேனலுக்கு உடைந்த செய்தி வரும், சரியான செய்தி வரவே வராது. நள்ளிரவில் விழித்த பொறியாளர், சக ஊழியர் ஏற்கெனவே சரிசெய்துவிட்ட ஒன்றைத் தேடிக்கொண்டிருப்பார். தகவல்களையும் சேர்த்து வரவிட்டு, வேண்டாதவற்றைத் தவிர்ப்புப் பட்டியலில் ரெகுலர் எக்ஸ்பிரஷன் (சொல் வடிவங்களைக் குறிக்கும் குறியீடு) எழுதி நீக்குவது கூடுதல் உழைப்புதான், ஆனாலும் அதையே நான் பரிந்துரைப்பேன்.

சேனலே தேவைப்படாத ஒரு வழியும் இருக்கிறது, அது ஏனோ குறைவாகவே பயன்படுத்தப்படுகிறது. ப்ரொவைடரின் வகையைக் கிட்ஹப் அல்லது கிட்லேப் என்று அமைத்தால், வெளியீட்டின் முடிவு அதற்குக் காரணமான கமிட்டின், அதாவது கிட்டில் பதிந்த மாற்றத்தின், பக்கத்திலேயே சரி அல்லது தவறு என்ற குறியாகப் போய் ஒட்டிக்கொள்கிறது. நாற்பது பேர் இருக்கும் அரட்டையில் கூவுவதைவிட, மாற்றத்தை எழுதியவர் பார்க்கும் இடத்திலேயே பதிலை வைப்பது மரியாதையான முறை. ஆர்கோ சிடி வேறொரு பாதையில் போகிறது: எந்த நிலைமையில் அனுப்புவது என்பதற்கு ட்ரிக்கர், எந்த வாசகத்தில் அனுப்புவது என்பதற்கு டெம்ப்ளேட் என்று பிரித்துவைத்து, ஒவ்வொரு செயலியும் தனக்கு வேண்டியதற்குத் தானே சந்தா செய்துகொள்ள விடுகிறது. வாசகத்தை விருப்பப்படி செதுக்க நினைப்பவர்களுக்கு அது வசதி.

எஞ்சியிருப்பது மௌனம். அறிவிப்பு கன்ட்ரோலரும் அதே கிளஸ்டரில் ஓடும் ஒரு பாட்தான். நினைவகம் தீர்ந்தால் அதுவும் விழும், வெப்ஹூக் முகவரி காலாவதியானால் அதன் குரலும் அடைபடும். அனுப்ப முடியாத செய்தியை நாட்கணக்கில் பத்திரப்படுத்திப் பிறகு சேர்ப்பிக்கும் அஞ்சலகமும் அன்று அது. எனவே சேனல் அமைதியாக இருப்பதற்கு, எதுவும் உடையவில்லை என்றும் பொருள் கொள்ளலாம், உடைந்ததைச் சொல்லும் வாய் உடைந்துவிட்டது என்றும் பொருள் கொள்ளலாம். ப்ரோமிதியஸ் என்ற அளவீட்டுக் கருவியைக் கொண்டு கண்காணிப்பவர்கள் இதற்கு வாட்ச்டாக் என்ற எளிய உத்தியை வைத்திருக்கிறார்கள்: எப்போதும் ஒலித்துக்கொண்டே இருக்கும் ஓர் எச்சரிக்கை கிளஸ்டருக்கு வெளியே உள்ள சேவைக்குப் போய்க்கொண்டிருக்கும், அது நின்றுபோனால் அந்தச் சேவை மணியடிக்கும். காவலரின் விசில் கேட்காத இரவில் தெருவாசிகள் எழுந்து பார்ப்பதைப் போன்றது இது. வெளியீட்டைக் கவனிக்கும் கன்ட்ரோலர்களின் அளவீடுகளையும் ப்ரோமிதியஸில் சேர்த்துவிட்டால், கிளஸ்டரின் எச்சரிக்கைகளுக்கு அறிவிப்பு கன்ட்ரோலரைச் சாராத இரண்டாவது பாதை ஒன்று கிடைக்கும்.

எல்லாம் அமைத்து முடித்தபின், சோதனைக் கிளஸ்டரில் வேண்டுமென்றே இல்லாத இமேஜின் எண்ணை எழுதிக் கிட்டில் சேர்த்துப் பாருங்கள். காலக்கெடு ஐந்து நிமிடம் என்றால், கிளஸ்டர் மாற்றத்தை எடுத்துக்கொண்ட ஐந்தாறு நிமிடத்தில் சிவப்புக் குறி வரவேண்டும். அதற்கு முன்பே வேலை முடிந்தது என்ற பச்சை வந்தால் கன்ட்ரோலர் காத்திருக்கவில்லை. பிறகு சரியான எண்ணைத் திரும்ப எழுதி, மீண்டுவிட்டது என்ற செய்தி வருகிறதா என்றும் பாருங்கள். வராவிட்டால் தீவிர அளவு பிழை மட்டும் என்று நிற்கிறது.