உபாசகர்: சொல்லும் பொருளும்

முருக உபாசகர், தேவி உபாசகர் என்னும் வழக்குகளில், ஒரு தெய்வத்தை மந்திரமும் பூசையுமாக இடைவிடாது வழிபடுபவரையே இன்றைய தமிழ் குறிக்கிறது. பழைய பௌத்த நூல்களில் வரும் உபாசகரை இப்பொருளில் படித்தால் ஆளே மாறிவிடுவார்.

'உப' என்பது அருகு. 'ஆஸ்' என்பது அமர்தல். அருகே அமர்பவர் என்பதே நேர்ப்பொருள், பெண்பால் உபாசிகை. உபாசகர் யார் என்று சாக்கியரான மகாநாமர் வினவியபோது, புத்தர், தம்மம், சங்கம் ஆகிய மூன்றையும் சரணடைந்தவரே உபாசகர் என்று புத்தர் விடையளித்தார். கொலை, களவு, பிறழ்காமம், பொய், கள் ஆகிய ஐந்தையும் விலக்குவது அவருக்குரிய சீலம் என்றார். துறவு இதற்குத் தேவையில்லை.

இச்சொல்லின் முழு நிறைவை மச்சிகாசண்டம் என்னும் ஊரில் வாழ்ந்த சித்தர் என்ற பெயருடைய கிருகபதியிடம், அதாவது இல்லத்தலைவரிடம், காணலாம். தன் ஒரே மகனை வாழ்த்தும் தாய், அவன் இல்லறத்தில் இருப்பதானால், "சித்த கிருகபதியையும் ஆளவி நகரத்து ஹத்தகரையும் போல் ஆகுக" என்று வேண்டவேண்டும் என்பது புத்தர் வாக்கு. அவ்விருவரும் உபாசகர்க்குத் 'துலா', 'பமாணம்' என்கிறது பாலி மொழி மூலநூல். அதாவது துலாக்கோலும் அளவுகோலும். அறம் உரைக்கும் இல்லறத்தாருள் சித்தரே முதல்வர். தளை என்பதும் தளைக்கும் பொருள் என்பதும் ஒன்றா, வேறா என்று தேரர்கள், அதாவது மூத்த பிக்குகள், கருத்து வேறுபட்டு நின்றபோது, விளக்கம் தந்தவர் இவர்தான். கரிய எருதையும் வெள்ளை எருதையும் ஒரே கயிற்றால் பிணைத்திருந்தால், கரியது வெள்ளைக்குத் தளையன்று, வெள்ளையும் கரியதற்குத் தளையன்று, இடையிலுள்ள கயிறே தளை. அதுபோலக் கண்ணும் உருவமும் தளையல்ல, அவற்றைப் பற்றி எழும் வேட்கையே தளை என்றார். துறவியர்க்கு ஓர் இல்லறத்தார் பொருள் சொல்லும் இந்த இடம் என்னை ஒவ்வொரு முறையும் வியக்கவைக்கிறது.

உபாசகர் என்பதற்கு ஈடாகச் 'சாவகர்' என்று எழுதுவோர் உண்டு. கேட்பவர் எனப் பொருள்படும் அச்சொல் மதுரைக்காஞ்சியிலேயே வருகிறது. ஆனால் அங்கே சமணப் பள்ளியில் பூவும் புகையும் கொண்டு வழிபடுவோரைச் சுட்டுகிறது. பாலியிலோ அதன் மூலமான 'சாவக' பிக்குகளையும் உள்ளடக்கும். 'பக்தர்' என்பது கேள்வி கேட்டுத் தெளியும் பண்பை விட்டுவிடுகிறது. ஆதலின் 'இல்லறச் சீடர்' என்பதே பொருத்தமான தமிழ். மூலச்சொல்லைக் காக்கவேண்டிய இடத்தில் 'பௌத்த உபாசகர்' என அடைமொழி சேர்த்து எழுதலாம்.