உயிரோடு இருக்கும் ஹார்ட் டிஸ்க் ஏன் கணினியின் கண்ணில் படுவதில்லை?

வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "பழைய கணினியில் நாலு ஹார்ட் டிஸ்க் போட்டு ரெய்டு 5 ஆக வைத்திருந்தேன். ஒன்று போய்விட்டது. யூஎஸ்பியில் மாட்டுகிற 14 டெராபைட் டிஸ்க் வாங்கி, மேலுறையைப் பிரித்து, உள்ளே இருந்ததை எடுத்து மாட்டினேன். கணினிக்குத் தெரியவே இல்லை. திரும்ப யூஎஸ்பி உறையில் போட்டால் ஜம்மென்று ஓடுகிறது. கெட்டது டிஸ்க்கா, கணினியா?"

ரெய்டு 5 என்பது பல டிஸ்க்குகளை ஒன்றாகச் சேர்த்து, ஒன்று போனாலும் தரவு தப்பும்படி வைக்கும் முறை. இவருடைய கேள்விக்கு வருவோம்: இரண்டுமே கெட்டிருக்காது. ஏன் என்று பார்ப்போம்.

ஒரு டிஸ்க் "தெரிவது" பல படிகளில் நடக்கிறது. முதலில் மின்சாரம். அப்புறம் கன்ட்ரோலரும் (கணினியின் பக்கம் டிஸ்க்கோடு பேசும் சிப்) டிஸ்க்கும் குட்டிக் குட்டித் துடிப்புகளை அனுப்பி, எதிர்முனையில் ஆள் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்கின்றன. பிறகு வேகத்தை முடிவு செய்கின்றன. கடைசியாகக் கன்ட்ரோலர் "நீ யார்?" என்று கேட்க, டிஸ்க் 512 பைட்டில் தன் மாடல், வரிசை எண், கொள்ளளவு எல்லாவற்றையும் சொல்கிறது. கணினி கிளம்பும்போது வரும் அமைப்புத் திரையான பயாஸில் நாம் பார்க்கும் பெயர் அங்கிருந்துதான் வருகிறது.

எந்தப் படியில் தடங்கல் என்பதை லினக்ஸ் சொல்லிவிடும். அதன் மையப் பகுதியான கெர்னல் எழுதிவைக்கும் பதிவில், டிஸ்க் மாட்டும் ஒவ்வொரு போர்ட்டுக்கும் எஸ்ஸ்டேட்டஸ் (SStatus) என்று ஒரு எண் இருக்கும். 133 என்றால் எல்லாம் சரி: கடைசி 3, தொடர்பு கிடைத்துவிட்டது, நடு 3, வேகம் 6 ஜிகாபிட், முதல் 1, போர்ட் விழித்திருக்கிறது. நடுவில் 1 இருந்தால் வேகம் 1.5 ஜிகாபிட்டுக்கு இறங்கிவிட்டது, கேபிளைச் சந்தேகப்படலாம். வெறும் 0 என்றால் எதிர்முனையில் யாருமே இல்லை.

0 வந்தால் கேபிளையும் போர்ட்டையும் மாற்றிப் பாருங்கள். மதர்போர்டிலேயே நேராகச் செருகும் எம்.2 எஸ்எஸ்டி இருந்தால் மதர்போர்டு கையேட்டையும் பாருங்கள். பல போர்டுகளில் எம்.2 செருகியதும் ஹார்ட் டிஸ்க்கை மாட்டும் சாட்டா போர்ட்களில் ஓரிரண்டு தானாக அணைந்துவிடும். பவர் சப்ளையின் வலுவையும் கவனியுங்கள். 3.5 அங்குல டிஸ்க் சுழலத் தொடங்கும்போது 12 வோல்ட்டில் 2 ஆம்பியர் வரை இழுக்கும். எட்டு டிஸ்க் ஒரே நொடியில் கிளம்பினால் அதற்கே 190 வாட்டுக்கு மேல் வேண்டும்.

ஆனால் யூஎஸ்பி உறைக்குள் நன்றாக ஓடுகிறது என்றாரே, அதில்தான் விடை இருக்கிறது. கணினியை ஆன் செய்துவிட்டு டிஸ்க்கின் மேல் விரலை வையுங்கள். அதிர்வு தெரிகிறதா? இவருக்குத் தெரிந்திருக்காது. மோட்டாரே சுழன்றிருக்காது.

சாட்டா பவர் இணைப்பில் 15 முனைகள். மூன்று மூன்றாக எண்ணுங்கள்: 3.3 வோல்ட், கிரவுண்ட், 5 வோல்ட், கிரவுண்ட், 12 வோல்ட். மோட்டாருக்கு 12, சர்க்யூட்டுக்கு 5. முதல் மூன்றில் வரும் 3.3 வோல்ட்டைப் பெரிய டிஸ்க்குகள் பெரும்பாலும் தொடுவதே இல்லை. வருடக்கணக்கில் அது சும்மா வந்து நின்றுகொண்டிருந்தது.

இன்னொரு பக்கம், ஆயிரக்கணக்கான டிஸ்க் ஓடும் தரவு மையங்கள். அங்கே ஒரு டிஸ்க் உறைந்துபோனால், ஒருவர் நடந்து போய் அதை உருவித் திரும்பச் செருக வேண்டும். மின்சாரத்தைத் துண்டித்துக் கொடுத்தாலே பல டிஸ்க்குகள் எழுந்துவிடும். அதைத் தூரத்திலிருந்தே செய்ய ஒரு வழி தேவைப்பட்டது. 2016இல் வந்த சாட்டா விதிமுறையின் 3.3ஆம் பதிப்பு, சும்மா கிடந்த மூன்றாம் முனைக்கு அந்த வேலையைக் கொடுத்தது. அதில் மின்னழுத்தம் ஏறினால் டிஸ்க் தன்னை அணைத்துக்கொள்ளும். இறங்கினால் புதிதாக எழும். புதிதாக ஒரு கம்பிகூடச் சேர்க்காமல் சாதித்திருக்கிறார்கள். எனக்கு மிகவும் பிடித்த பொறியியல் இது.

பழைய பவர் சப்ளைக்கு இந்த மாற்றம் எப்படித் தெரியும்? அதன் சாட்டா வயரில் ஆரஞ்சு நிறக் கம்பி ஒன்று இருக்கும். அதுதான் 3.3 வோல்ட், முதல் மூன்று முனைகளுக்கும் போகிறது. கணினியின் ரீசெட் பொத்தானை யாரோ அமுக்கிப் பிடித்துக்கொண்டே இருப்பது போல, "அணைந்திரு" என்ற கட்டளை ஒரு நொடிகூட விடாமல் வந்துகொண்டிருக்கிறது. டிஸ்க் சொன்னபடி கேட்கிறது. யூஎஸ்பி உறையின் போர்டில் 3.3 வோல்ட் அந்த முனைக்கு வருவதில்லை. அதனால் அங்கே ஓடுகிறது.

சரி, தீர்வு? கேப்டன் (Kapton) டேப் என்ற மஞ்சள் பாலிஇமைடு டேப்பில் மெல்லிய துண்டு வெட்டி, டிஸ்க்கின் பவர் பகுதியில் டேட்டா இணைப்பை ஒட்டிய பக்கத்திலிருந்து எண்ணி, மூன்றாம் முனையை மூடுங்கள். முனை ஒரு மில்லிமீட்டர் அளவுதான், கை நடுங்கினால் முதல் மூன்றையும் சேர்த்தே மூடலாம். அவற்றில் வருவதும் அதே 3.3 வோல்ட்தான். சாதாரண இன்சுலேஷன் டேப் வேண்டாம், சூட்டில் பசை இளகி வழியும். ஆரஞ்சுக் கம்பி இல்லாத, மோலெக்ஸ் எனும் பழைய நான்கு முனை பவர் வயரிலிருந்து அடாப்டர் போட்டும் கொடுக்கலாம். ஆனால் பிளாஸ்டிக்கை உருக்கி வார்த்த அடாப்டர்களை வாங்காதீர்கள். உள்ளே கம்பிகள் ஒன்றையொன்று தொட்டுத் தீப்பிடித்த சம்பவங்கள் உண்டு.

தெரியாத டிஸ்க்கை ஃப்ரீசரில் வைத்தால் உயிர் வரும் என்று இன்னும் பலர் நம்புகிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். வெளியே எடுத்ததும் ஈரம் படியும். காற்றுத்துளை உள்ள டிஸ்க்கில் அது தட்டு வரை போகும், படிக்கும் முனையோ தட்டுக்குச் சில நானோமீட்டர் உயரத்தில் பறப்பது. ஹீலியம் அடைத்த டிஸ்க்கிலும் சர்க்யூட் போர்டு நனையும்.

கல்லூரி ஆய்வகங்களில் இதே கதை நடக்கும்போது எனக்கு வயிறு எரிகிறது. கருவி வாங்கப் பணம் ஒதுக்குகிறார்கள். அந்தக் கருவி தரும் தரவை இரண்டு பிரதியாக வைக்க ஒதுக்குவதில்லை. மாணவர்கள் சொந்தக் காசில் டிஸ்க் வாங்கி, மேலுறையைப் பிரித்து மாட்டுகிறார்கள். ஆய்வு நிதியில் சேமிப்புக்கென்று தனி வரி கட்டாயம் இருக்க வேண்டும்.

வாசகருக்கு இன்னும் ஒன்று. டிஸ்க் தெரியவில்லையே என்று "புதிய அரே (டிஸ்க் தொகுப்பு) உருவாக்கு" என்பதை மட்டும் அழுத்திவிடாதீர்கள். ரெய்டு 5இல் மற்ற மூன்றையும் வைத்து நான்காவதைக் கணக்கிட்டுவிடலாம். 1, 0, 1 என்று இருந்தால் விடுபட்டது 0, மொத்த ஒன்றுகள் இரட்டைப்படையில் வர வேண்டும் என்பதுதான் விதி. மூன்றில் இன்னொன்று போனால் கணக்குக்கு வழியில்லை. ஆகவே யூஎஸ்பியில் ஓடுகிற அந்தப் புது டிஸ்க்கில் முக்கியமான கோப்புகளை முதலில் நகலெடுத்து வேறு கணினிக்கு மாற்றுங்கள். பிறகு டேப் ஒட்டி, பழுதான டிஸ்க்கின் இடத்தில் மாட்டி, மறுகட்டமைப்பைத் தொடங்குங்கள். நொடிக்கு 200 மெகாபைட் வேகத்தில் போனாலும் 14 டெராபைட் எழுத 19 மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதுவரை கேபிள்களைத் தொடாதீர்கள், முடிந்தால் யுபிஎஸ்ஸில் வையுங்கள்.