சொல் விளக்கம்: எம்-ஹெல்த், ஸ்கேல்-அப்

பொதுச் சுகாதார அறிக்கைகளில் இந்த இரண்டு சொற்களும் பெரும்பாலும் ஒன்றாகவே வரும். ‘எம்-ஹெல்த்’தில் இருக்கும் ‘எம்’ என்பது மொபைல். மின்னணுக் கருவிகள் வழி நடக்கும் நலப்பணிக்கு ஏற்கெனவே புழங்கிய ‘ஈ-ஹெல்த்’தின் சாயலில், ராபர்ட் இஸ்தெபானியன் என்ற ஆய்வாளர் 2000-களின் தொடக்கத்தில் இதைப் பரவச் செய்தார். கைபேசி போன்ற கம்பியில்லாக் கருவிகளின் துணையோடு நடக்கும் மருத்துவ, பொதுச் சுகாதாரப் பணி என்று உலக சுகாதார நிறுவனம் 2011-இல் இதற்கு வரையறை தந்தது.

மொபைல் என்பதற்கு லத்தீன் வேரில் ‘நகரக்கூடியது’ என்று பொருள். அதைப் பிடித்துக்கொண்டு ‘நடமாடும் மருத்துவம்’ என்று எழுதினால், படிப்பவர் மனதில் ஒரு மருத்துவ வேன் வந்து நிற்கும். ‘கைபேசி மருத்துவம்’ பரவாயில்லை. ஆனால் மருத்துவரிடம் போனில் ஆலோசனை கேட்பதோடு அது நின்றுவிடுகிறது. மருந்து இருப்பைக் குறுஞ்செய்தியில் தெரிவிப்பதும், கர்ப்பிணிக்கு வாரந்தோறும் தகவல் அனுப்புவதும், நோய்ப் பரவலைக் களத்திலிருந்தே பதிவதும் எம்-ஹெல்த்தான். அதனால் ‘கைபேசிவழி நலப்பணி’ என்பதே என் தேர்வு. வரையறையில் உள்ள ‘பணி’ இதில் இருக்கிறது. ‘வழி’யையும் விட்டுவிடக் கூடாது, ஏனென்றால் கைபேசி இங்கே வெறும் பாதை.

கென்யாவில் நடந்த வெல்டெல் ஆய்வைப் பாருங்கள். எச்.ஐ.வி. மருந்து எடுக்கத் தொடங்கியவர்களுக்கு வாரம் ஒருமுறை ‘மம்போ?’ என்று ஒரு குறுஞ்செய்தி போகும். சுவாஹிலியில் ‘எப்படி இருக்கீங்க?’ என்பது போன்ற விசாரிப்பு அது. நன்றாக இருந்தால் ‘சாவா’, சிக்கல் என்றால் ‘ஷிடா’ என்று பதில் அனுப்ப வேண்டும். 2010-இல் வெளிவந்த முடிவின்படி, செய்தி போன குழுவில் 62 விழுக்காட்டினர் மருந்தை ஒழுங்காக எடுத்ததாகச் சொன்னார்கள்; போகாத குழுவில் 50. குறுஞ்செய்திக்கே முழுப் பெருமையும் கிடைத்தது. ஆனால் ‘ஷிடா’ என்றவர்களையும் பதிலே தராதவர்களையும் மருத்துவப் பணியாளர் ஒருவர் கூப்பிட்டுப் பேசினார் என்பதைப் பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

சரி, ‘ஸ்கேல்-அப்’புக்கு வருவோம். சிறிதாகத் தொடங்கிய திட்டத்தைப் பெரிய அளவுக்குக் கொண்டுபோவது அது. இந்த ஸ்கேலின் மூலம் ‘ஸ்காலா’, லத்தீனில் ஏணி. மீனின் செதிலைக் குறிக்கும் ஸ்கேலும், எடை பார்க்கும் ஸ்கேலும் வேறு மூலங்களிலிருந்து வந்தவை. ஏணியின் படிகள் அளவுக்கோடுகளாயின, அதிலிருந்து வரைபடத்தின் அளவு விகிதம், பிறகு அந்த விகிதம் மாறாமல் பெரிதாக்குவது என்று பொருள் நகர்ந்தது. வில்லங்கமே இந்தக் கடைசிப் பொருளில்தான். ஒரு படத்தை இருமடங்காக்கினால் எல்லாக் கோடுகளும் சேர்ந்தே நீளும். நலத்திட்டம் அப்படி நீளாது. சில நூறு பேருக்குப் போன ‘மம்போ?’வைப் பத்து லட்சம் பேருக்கு அனுப்புவது கணினிக்குப் பெரிய வேலையில்லை. ‘ஷிடா’ என்று திரும்பி வருபவர்களைக் கூப்பிட ஆள் எங்கே?

இந்த இடத்தில்தான் பல திட்டங்கள் நின்றுபோயின. உலக சுகாதார நிறுவனம் 2009-இல் எடுத்த கணக்கில், பதில் தந்த 112 நாடுகளில் 83 விழுக்காட்டில் ஏதாவதொரு கைபேசித் திட்டம் இருந்தது. அவற்றில் பெரும்பகுதி வெள்ளோட்டத்தைத் தாண்டவில்லை. இப்படிச் சிறிய அளவில் செய்துபார்க்கும் ‘பைலட்’ என்பதற்கு ‘முன்னோடித் திட்டம்’ என்ற சொல் வழக்கில் இருக்கிறது. புதுத் தேரையோ கப்பலையோ முதலில் ஓட்டிப் பார்ப்பதைச் சொல்லும் ‘வெள்ளோட்டம்’ அதைவிடக் கச்சிதம் என்பேன். முன்னோடி என்றாலே பின்னால் வேறு ஏதோ வருகிறது என்று வாக்குக் கொடுத்துவிடுகிறோமே! வெள்ளோட்டங்கள் மட்டும் பெருகும் நிலையைத் துறைக்காரர்கள் கிண்டலாகப் ‘பைலடைடிஸ்’ என்பார்கள். நோய்ப் பெயர்களில் வரும் ‘ஐடிஸ்’ என்றால் அழற்சி, அதனால் ‘வெள்ளோட்ட அழற்சி’ என்று நாமும் சொல்லிக்கொள்ளலாம். உகாண்டாவில் இது முற்றிப்போய், 2012 தொடக்கத்தில் இத்தகைய புதிய முயற்சிகளை நிறுத்தி வைக்கும்படி சுகாதார அமைச்சகமே உத்தரவிட்டது.

தமிழில் ‘பரவலாக்கம்’ ஸ்கேல்-அப்புக்கு ஒத்துவராது. ‘அதிகாரப் பரவலாக்கம்’ அதை முன்பே எடுத்துக்கொண்டுவிட்டது. ‘விரிவாக்கம்’ போதும், ஆனால் அதன் இரண்டு பாதிகளையும் பிரித்துச் சொல்ல வேண்டும். அதிக ஊர்களுக்கும் மக்களுக்கும் கொண்டுபோவது பரப்புதல். கொள்கையிலும் நிதி ஒதுக்கீட்டிலும் பணியாளர்களின் அன்றாட வேலையிலும் இடம்பெறச் செய்வது நிலைநிறுத்தல். தென்னாப்பிரிக்க சுகாதாரத் துறை 2014-இல் தொடங்கிய மாம்கனெக்ட் என்ற கைபேசித் திட்டம் இரண்டையும் ஒன்றாகச் செய்யப் பார்த்தது. அரசு மருத்துவ நிலையத்திலேயே கர்ப்பிணியைப் பதிவு செய்வார்கள், அவருக்குச் செலவில்லாமல் செய்திகள் வரும், அப்புறம் கேள்வியோ புகாரோ இருந்தால் அவரே திருப்பி அனுப்பலாம், அதற்குப் பதில் தர ஓர் உதவி மையமும் வைத்தார்கள்.

‘அட் ஸ்கேல்’ என்று வரும் இடங்களில் ‘நாடளாவிய அளவில்’ என்று எழுதலாம். மூன்று மாவட்டங்களில் நடப்பதென்றால் ‘மூன்று மாவட்டங்களில்’ என்றே எழுதிவிடுவது நல்லது.