மெலடிக் பிளாக் மெட்டல்: மெட்டும் கரும்பொன்னும்

மெலடிக் பிளாக் மெட்டல் என்பது முரட்டு ராக் இசையின் ஒரு வகை. ‘எலக்ட்ரானிக் இசைக்குழு மெலடிக் பிளாக் மெட்டலுக்கு மாறியது’ என்று ஒரு செய்தி வந்தால், அந்தப் பெயரில் தமிழ்க் காதை முதலில் ஏமாற்றும் சொல் ‘மெலடி’தான். நம் பேச்சில் மெலடி என்றால் மெதுவான பாட்டு, குத்துப்பாட்டுக்கு எதிர்ப்பக்கம். படத்தில் ஐந்து பாட்டு என்றால் “ரெண்டு மெலடி, ஒரு குத்து” என்றுதான் கணக்குச் சொல்வோம். அந்தப் பொருளை மனதில் வைத்துக்கொண்டு சுவீடனின் டிசெக்‌ஷன் குழு 1995-இல் வெளியிட்ட ஆல்பத்தைப் போட்டால், தொடக்க வாத்திய இசை வரை ஒன்றும் தெரியாது. இரண்டாவது பாட்டு ஆரம்பித்ததும் ஹெட்ஃபோனைக் கழற்றி வைத்துவிடுவார்கள்.

மெலடியின் மூலம் கிரேக்கம். ‘மெலோஸ்’ என்பது பாட்டு, ‘ஓடே’ என்பதும் பாடுதலைக் குறிப்பதுதான். வேகம், மென்மை, காதல் எதுவும் அதற்குள் இல்லை. ஒன்றன்பின் ஒன்றாக வரும் சுரங்கள் சேர்ந்து மனதில் நிற்கிற ஒரு வடிவம் கொண்டால் அது மெலடி. தமிழில் இதற்குச் சரியான சொல் நெடுங்காலமாகவே புழக்கத்தில் இருக்கிறது: மெட்டு. ஒப்பாரிக்கும் மெட்டு உண்டு, தெம்மாங்குக்கும் உண்டு, போர்ப்பாட்டுக்கும் உண்டு. அகராதிகள் தருகிற ‘இன்னிசை’யை நான் ஏற்க மாட்டேன். அதிலுள்ள ‘இன்’ பழைய குழப்பத்தையே திரும்பக் கொண்டுவருகிறது.

அடுத்தது மெட்டல். இதுவும் கிரேக்கம்தான். ‘மெட்டலான்’ என்றால் முதலில் சுரங்கம். அப்புறம் சுரங்கத்திலிருந்து தோண்டி எடுத்த பொருள். இசைக்குள் இந்தச் சொல் வந்ததற்கு எல்லோரும் காட்டும் தடயம், 1968-இல் ஸ்டெப்பன்வுல்ஃப் குழு பாடிய ஒரு பாட்டில் மோட்டார்சைக்கிள் உறுமலைச் சொன்ன ‘ஹெவி மெட்டல்’ என்ற தொடர். எழுபதுகளில் அது ஓர் இசை வகையின் பெயராகிவிட்டது. அந்த வகையின் முன்னோடியான பிளாக் சாபத் குழுவின் கிட்டார் கலைஞர் டோனி ஐயோமி, பர்மிங்ஹாமில் தகடு வெட்டும் தொழிற்சாலையில் வேலை செய்தபோது இயந்திரத்தில் இரண்டு விரல் நுனிகளை இழந்தவர் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், உலோகம் இந்த இசையில் வெறும் உவமையாக மட்டும் இருக்கவில்லை.

‘பிளாக்’ வந்த வழி கொஞ்சம் வேடிக்கையானது. இங்கிலாந்தின் நியூகாசில் நகரத்து வெனம் குழு 1982-இல் தன் இரண்டாவது ஆல்பத்துக்கு ‘பிளாக் மெட்டல்’ என்று பெயர் வைத்தது. பில்லி சூனியம், சாத்தான் என்று மேடையில் மிரட்டும் கறுப்பு அது. இன்று பிளாக் மெட்டல் என்று நாம் கேட்கும் ஒலி அந்த ஆல்பத்தில் கிடையாது. அது முரட்டு வேக ராக் இசை. பெயர் முதலில் பிறந்தது, அதற்குரிய இசை பின்னால் வந்து சேர்ந்தது. 1984-இல் சுவீடனின் பாத்தரி முதல் அடி வைத்தது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நார்வேயில் மேஹெம், டார்க்த்ரோன், எம்பரர் போன்ற குழுக்கள் அதற்கு இன்றைய உருவத்தைக் கொடுத்தன. தேவாலய எரிப்புகள், 1993-இல் மேஹெம் கிட்டார் கலைஞர் யூரோனிமஸின் கொலை என்று அந்தக் காலத்தின் குற்றக் கதைகள் எங்கும் கிடைக்கும். இங்கே ஒலிதான் விஷயம்.

அந்த ஒலியைக் கிட்டப் போய்க் கேட்கலாம். கிட்டார்காரர் ஒரே தந்தியில் ஒரே சுரத்தை மேலும் கீழுமாகப் பிக் என்ற சிறு வில்லையால் படுவேகமாகத் தட்டிக்கொண்டே இருப்பார். இதை ட்ரெமோலோ என்பார்கள். மாண்டலினில் சுரத்தை நீட்ட வாசிப்பதும் இப்படித்தான். டிரம்ஸில் ஸ்னேர் என்ற சிறிய டிரம்மும் பெரிய டிரம்மும் மாறி மாறி இடைவெளியே இல்லாமல் விழும். அது பிளாஸ்ட் பீட். வேகம் ஓர் அளவைத் தாண்டியதும் தனித்தனி அடி காதில் விழாது, தகரக்கூரையில் கொட்டும் மழை போல ஒரே இரைச்சலாகிவிடும். இப்போது கவனித்தால், அந்த இரைச்சலுக்கு மேல் கிட்டாரின் சுரங்கள் மெதுவாக, நீளமாக நகர்வது தெரியும். கை வேகமாக ஓட, மெட்டு நிதானமாகப் போகும்.

இந்த நிதானமான மெட்டை முன்னால் கொண்டுவந்து நிறுத்துவதுதான் மெலடிக் பிளாக் மெட்டல். டிசெக்‌ஷனின் 1993, 1995 ஆல்பங்கள் இதற்கு இலக்கணம் போல. இரண்டு கிட்டார்கள் இணைந்து, ஒன்றுக்கொன்று சுர இடைவெளி விட்டு, ஒரே மெட்டைப் பாடும். அயர்ன் மெய்டன் என்ற ஹெவி மெட்டல் குழுவைக் கேட்டவர்களுக்கு இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று புரியும். கீபோர்டை வைத்து வாத்தியக் கோஷ்டியின் பிரம்மாண்டம் காட்டினால் அதற்கு சிம்ஃபோனிக் பிளாக் மெட்டல் என்று வேறு பெயர். இரண்டையும் குழப்புகிறவர்கள் அதிகம். மெட்டைச் சுமப்பது கிட்டாரா, கீபோர்டா என்று கேட்டால் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

அப்படியானால் எலக்ட்ரானிக் குழு இதற்குள் வருவது எவ்வளவு பெரிய தாவல்? பலர் நினைக்கிற அளவுக்கு இல்லை. மேஹெம் 1987-இல் வெளியிட்ட சிறு தொகுப்பு ‘டெத்க்ரஷ்’ஷின் முதல் துண்டை அமைத்தவர் கான்ராட் ஷ்னிட்ஸ்லர், டாஞ்சரின் ட்ரீம் குழுவின் முதல் ஆல்பத்தில் வாசித்த பெர்லின் எலக்ட்ரானிக் கலைஞர். யூரோனிமஸ் அவரிடம் கேட்டு வாங்கியது அது. பிளாக் மெட்டல் என்றதும் கிட்டார் மட்டுமே நினைவுக்கு வருகிறவர்களுக்கு இந்தத் துண்டு நல்ல மருந்து.

ஆனாலும் பயணிகள் பெரும்பாலும் எதிர்த்திசையில்தான் போனார்கள். நார்வேயின் உல்வர் 1997-இல் பச்சையான பிளாக் மெட்டல் ஆல்பம் ஒன்றை வெளியிட்டது; 2000-க்குள் நகர இரவின் எலக்ட்ரானிக் இசைக்கு வந்துவிட்டது. அதே நாட்டின் கவனன்ட், 1998-இல் மெட்டும் கீபோர்டும் நிறைந்த பிளாக் மெட்டல் செய்து, அடுத்த வருடமே இயந்திர ஓசை போன்ற இன்டஸ்ட்ரியல் தாளங்களுக்கு மாறியது. சுவீடனில் அதே பெயரில் ஒரு எலக்ட்ரானிக் குழு இருந்ததால் ஆங்கிலத்தில் எழுதும் பெயரின் முதல் எழுத்தையும் மாற்ற வேண்டியதாயிற்று.

எலக்ட்ரானிக்கிலிருந்து இந்தப் பக்கம் வந்தவர்கள் குறைவு. அமெரிக்காவின் காஸ்ட் என்ற ஒற்றையாள் சிந்த்வேவ் (எண்பதுகளின் சிந்தசைசர் ஒலியைப் பின்பற்றும் எலக்ட்ரானிக் இசை) முயற்சி, 2018 ஆல்பத்தில் அலறலையும் பிளாஸ்ட் பீட்டையும் உள்ளே கொண்டுவந்தது. அதை மெலடிக் பிளாக் மெட்டல் என்று நான் சொல்ல மாட்டேன். மெட்டு இன்னும் சிந்தசைசர் கையில்தான் இருக்கிறது, ட்ரெமோலோ கிட்டார் கைக்கு வரவில்லை. பெயரை ஒட்டுவதற்கு முன் பார்க்க வேண்டியது அந்தக் கைமாற்றத்தைத்தான். டிரம் மெஷினை ஒரு தடையாகச் சொல்வது தவறு: நார்வேயின் மிஸ்டிகம், லிம்போனிக் ஆர்ட் இரண்டும் தொண்ணூறுகளிலேயே டிரம் மெஷினை வைத்துப் பிளாக் மெட்டல் செய்தவை.

சரி, தமிழில் என்ன சொல்வது? ‘கறுப்பு உலோக இசை’ என்று சொல்லுக்குச் சொல் வைத்தால் இரும்புக்கடை வாசனை அடிக்கிறது. ஹெவி மெட்டலைக் ‘கன உலோகம்’ என்றாலோ வேதியியல் பாடத்தில் வரும் ஈயமும் பாதரசமும் நினைவுக்கு வரும். ஆனால் பழந்தமிழில் உலோகத்துக்குப் பொதுச்சொல் பொன். ஐம்பொன் சிலை என்று இன்றும் சொல்கிறோமே, அந்தப் பொன். இரும்புக்குக் கரும்பொன் என்றே ஒரு பெயர் உண்டு. பிளாக் மெட்டலுக்கு இதைவிடப் பொருத்தமாக யாரும் புதிதாகச் செய்துவிட முடியாது. ‘கரும்பொன்னிசை’ எனலாம், மெலடிக் வகையை ‘மெட்டுக் கரும்பொன்னிசை’ எனலாம். நண்பர்களோடு பேசும்போது பிளாக் மெட்டல் என்றே சொல்லுங்கள், யாரும் கோபிக்கப் போவதில்லை.

நிறத்தைத் தனியாக எழுதும்போது வல்லின றகரம் போட்டுக் ‘கறுப்பு’ என்று எழுதுவது நல்லது. இடையின ரகரக் ‘கருப்பு’க்குப் பஞ்சம் என்றொரு பொருளும் உண்டு. கறுப்புக்கு இன்னொரு பலமும் இருக்கிறது. ‘கறுப்பும் சிவப்பும் வெகுளிப் பொருள’ என்கிறது தொல்காப்பிய உரியியல்; நிறத்தைக் காட்டவும் இவை வரும் என்பதை அடுத்த நூற்பாவில்தான் சொல்கிறது. பகைவருக்குக் ‘கறுத்தோர்’ என்று பெயர். ஆங்கிலக் கறுப்பு சாத்தானிடம் போய் வாங்கிவந்த ஆவேசம், தமிழ்க் கறுப்பில் ஏற்கெனவே சினமாக இருக்கிறது.

மெட்டலின் இன்னொரு வகையான டெத் மெட்டலுக்கு இந்த அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை. ‘சாவு உலோகம்’ என்றால் சிரிப்புதான் வரும், ‘சாவு மேளம்’ என்றால் அது வேறு இசை. அதை டெத் மெட்டல் என்றே விட்டுவிடுவது மேல்.