யூரின் பையை மடியில் வைக்காதீர்கள்

முதியோர் இல்லத்தில் ஒரு தாத்தாவைக் கட்டிலிலிருந்து வீல் சேருக்கு மாற்றுகிறார்கள். கதீட்டர் என்ற ட்யூப் வழியாகச் சிறுநீர்ப்பையிலிருந்து சிறுநீர் வந்து சேரும் யூரின் பை இடைஞ்சலாக இருக்கிறதே என்று ஒருவர் அதை எடுத்து அவர் மடியில் வைக்கிறார். அரை நிமிடம்தான். அதற்குள் ட்யூபில் நின்ற சிறுநீர் திரும்பச் சிறுநீர்ப்பைக்குள் ஓடிவிடுகிறது, அதோடு கிருமிகளும். பையின் வாயில் வால்வு இருந்தாலும், ட்யூபில் ஏற்கெனவே நிற்பதை அது தடுக்காது.

நாம் ஒவ்வொரு முறை சிறுநீர் கழிக்கும்போதும் வழியில் ஒட்டிய கிருமிகளை அது அடித்துக்கொண்டு போகிறது. கதீட்டர் போட்டதும் அந்தக் கழுவல் நின்றுவிடுகிறது. ட்யூப் நழுவாமலிருக்க, உள்ளே ஒரு சிறு பலூன் இருக்கும்; பெரும்பாலும் 10 மி.லி. ஸ்டெரைல் வாட்டர் ஏற்றுவார்கள். சிறுநீர் இறங்கும் துளை பலூனுக்கு மேலே இருப்பதால், சிறுநீர்ப்பையின் அடியில் கொஞ்சம் எப்போதும் தேங்கியே நிற்கும்.

தண்ணீர்க் குடத்தை நாலு நாள் தேய்க்காமல் விட்டால் உள்ளே வழவழவென்று ஒரு படலம் பிடிக்குமல்லவா, அதுபோல ட்யூபிலும் பிடிக்கும். அதற்குள் பதுங்கிய கிருமிகளை மருந்து எளிதில் எட்டாது. புரோட்டியஸ் என்றொரு கிருமி, யூரியாவை உடைத்து அம்மோனியாவாக்குகிறது. சிறுநீர் காரத்தன்மை அடைந்து, உப்புகள் படிகமாகி ட்யூபையே அடைத்துவிடும். பையில் எதுவும் சேரவில்லை, ஆனால் ட்யூபைச் சுற்றிக் கசிகிறது என்றால் முதலில் எங்காவது மடங்கியிருக்கிறதா என்று பாருங்கள். மலச்சிக்கலும் ட்யூபை அழுத்தும். இரண்டும் இல்லையென்றால் உடனே நர்ஸைக் கூப்பிடுங்கள்.

ஒரு மாதம் கதீட்டர் இருந்தால் ஏறக்குறைய எல்லாருடைய சிறுநீரிலும் கிருமி இருக்கும். கலங்கலாக இருக்கிறது, வாடை வருகிறது என்பதற்காக மட்டும் ஆன்டிபயாட்டிக் கேட்காதீர்கள். காய்ச்சல், குளிர் நடுக்கம், அடிவயிற்று வலி, நேற்றுவரை தெளிவாகப் பேசியவர் இன்று திடீரென்று குழம்புவது, இவைதான் டாக்டரை அழைக்க வேண்டிய அடையாளங்கள்.

அன்றாடப் பராமரிப்பு எளிது. தொடும் முன்பும் பின்பும் கை கழுவ வேண்டும். ட்யூப் உடலுக்குள் போகும் இடத்தைக் கழுவ, தினமும் சோப்பும் தண்ணீரும் போதும். ட்யூபை உடலிலிருந்து வெளிப்பக்கமாகத் துடையுங்கள். பை சிறுநீர்ப்பை மட்டத்துக்குக் கீழே தொங்கட்டும், தரையில் படவேண்டாம். ட்யூபும் பையும் சேரும் இடத்தைத் தேவையில்லாமல் பிரிக்கக் கூடாது. பையைக் காலிசெய்யும் ஜக் ஆளுக்கு ஒன்று. பையின் திறப்பு ஜக்கின் விளிம்பில் படக்கூடாது.

அப்புறம், அந்த ட்யூப் இன்னும் தேவைதானா என்று டாக்டரிடம் கேளுங்கள். ஆஸ்பத்திரியில் ஏதோ அவசரத்துக்குப் போட்டது, யாரும் கேட்காததாலேயே மாதக்கணக்கில் கிடப்பதுண்டு. எடுக்கலாம் என்றால், நர்ஸ் பலூன் நீரை உறிஞ்சிய பிறகே வெளியே எடுப்பார். பலூனோடு இழுத்தால் உள்ளே கிழிந்து ரத்தம் வரும்.